பண்டிகை லீவுக்கு நெனிதா அக்கா சொன்ன யோசனை

— ஒருநாள் கேட்டான், ‘அம்மா, அந்தப் பாப்பா தூங்கிட்டா அப்புறம் நீ என்கிட்ட வந்துருவியா?’ன்னு. நான் பார்த்துக்கற ஆல்மா தோட்டத்துல தள்ளுவண்டிக்குள்ள தூங்கிட்டிருந்தா. தூறல் விழுதுன்னு நான் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஃபோன்ல ஊர்லேருந்து என் ஜூன்ஜூன். என்னன்னு பதில் சொல்றது? ‘சத்தம் போடாதே, பாப்பா முழிச்சுக்கும்’னேன். பெத்த பையன்கிட்ட அதைத்தான் சொன்னேன்.

— இதை ஏற்கெனவே சொல்லியிருக்கே, ரோசெல்.

— உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கேன், நெனிதா அக்கா. இந்த டென்மார்க்குல உன் ஒருத்திக்கு மட்டும்தான். அதனாலதான் மறுபடியும் சொல்றேன்.

— அந்தக் கப்பை இப்படிக் கொடு, துடைச்சு வைக்கிறேன். பூசை முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு, ஃபாதர் சாவி கேட்பார். கூடத்துல புதுப் பொண்ணுங்க வேற காத்துக்கிட்டிருக்காங்க.

— உன் யோசனைக்கா?

— ஆமா. வீட்டோட தங்கிப் பிள்ளை பார்த்துக்க ஓ-பேரா வந்த பொண்ணுங்க பண்டிகை லீவுல எப்படி நடந்துக்கணும்னு வருஷா வருஷம் சொல்றதுதானே. போன வருஷம் நீயும் இதே கூடத்துல உட்கார்ந்து கேட்டியே.

— ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு. ‘சொல்றேன் கேளு, டிசம்பர் இருபத்தி நாலாம் தேதி மதியத்தோட கடையெல்லாம் மூடிருவான், அரிசியை முன்னாடியே வாங்கி வச்சுக்கோ. அன்னைக்கு உனக்குத் தட்டு வைப்பாங்களா, இல்லை லீவு விடுவாங்களான்னு இப்பவே வாயைத் திறந்து கேட்டுரு. கோடையில அவங்க கடற்கரை வீட்டுக்குக் கூப்பிட்டா, விருந்தாளியா வரணுமா வேலைக்கு வரணுமான்னு கிளம்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோ. கிறிஸ்மஸ் மரத்தைச் சுத்திக் கையைக் கோர்த்து ஆடுவாங்க, பாட்டு தெரியலைன்னா வாயை மட்டும் அசை.’

— பாதாமை விட்டுட்டே.

— விடலை. ‘பால்சோத்துல ஒரே ஒரு முழு பாதாமை ஒளிச்சு வச்சிருப்பாங்க, கிடைச்சவங்களுக்குப் பரிசு. உனக்கு வந்தா கடிச்சுடாதே, கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உட்காரு. மத்தவங்க தேடித் தேடிச் சாப்பிடட்டும்.’ நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன் அக்கா. ரெண்டையும் ஒதுக்கிக்கிட்டு. பாதாமையும், பையனையும்.

— என்ன ஆச்சு? முதல்ல அதைச் சொல்லு.

— நேத்து ஆல்மாவோட அம்மா கமிலா என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சாங்க. மெழுகுவத்தி ஏத்தி, காபி ஊத்தி. இந்த ஊர்ல கெட்ட சேதி சொல்றதுக்கும் மெழுகுவத்தி வேணும் போல. ‘ரோசெல், உனக்கு ஒரு பையன் இருக்கானா?’ன்னாங்க.

— மாதாவே.

— பிள்ளை பெத்தவங்க ஓ-பேரா வரக் கூடாதுங்கற சட்டம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ‘நான் யார்கிட்டயும் போய்ப் புகார் பண்ண மாட்டேன். ஆனா புது வருஷத்துக்குள்ள நீயே கிளம்பிரு. தெரிஞ்சும் வச்சிருந்தோம்னா எங்க தலைமேல வந்து விடியும்’னாங்க. கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். வருத்தமாச் சொன்னாங்க. வந்த அன்னைக்கு ‘நீ எங்க வீட்டுல ஒருத்தி’ன்னு சொன்னாங்களே, அதே குரல்.

— நீ என்ன சொன்னே?

— இல்லைன்னு சொல்ல வாய் வரலை. விசாவுக்காக ஒரு தடவை அவனை இல்லைன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாச்சு. இன்னொரு தடவை எப்படிச் சொல்றது? அவன் எங்கேயோ இருந்து கேட்டுட்டிருக்கற மாதிரி இருந்துச்சு.

— பாவம்டி நீ.

— இன்னும் முடியலை, கேளு. கதவு வரைக்கும் போனவங்க திரும்பினாங்க. மன்னிப்புக் கேட்கத்தான் திரும்பறாங்கன்னு நினைச்சேன். ‘அந்தக் குள்ளன் வேலையை மட்டும் பண்டிகை வரைக்கும் செஞ்சுரு ரோசெல், இல்லைன்னா ஆல்மா ஏமாந்துருவா’ன்னாங்க.

— சிவப்புத் தொப்பிக் குள்ளனா?

— வேற யாரு. ராத்திரி வந்து குறும்பு பண்ணிட்டுப் போறானாம். மாசம் முழுக்க நான்தானே அந்தக் குள்ளன். செருப்புக்குள்ள மாவு, பாலுக்குப் பச்சை நிறம், நாற்காலியெல்லாம் தலைகீழ். வெளியே போன்னு சொன்னவளே, போறதுக்கு முன்னாடி என் பிள்ளையைச் சிரிக்க வச்சுட்டுப் போன்னு சொல்றா.

— நேத்து ராத்திரி செஞ்சியா?

— குறும்பு ஒண்ணும் தோணலை. பொம்மையைக் கதவுகிட்டக் குப்புறப் படுக்கப் போட்டுட்டு வந்துட்டேன். காலையில ஆல்மா பார்த்துட்டு, குள்ளனுக்குக் காய்ச்சல்னு தன்னோட கழுத்துத் துணியை எடுத்துப் போர்த்திவிட்டா. மூணு வயசுப் பிள்ளை அது.

— அந்தப் பிள்ளை மனசு உன் வளர்ப்பு, ரோசெல்.

— பேச்சை மாத்தாதே. கமிலாவுக்கு யார் சொன்னது?

— ஃபோன்ல பேசறப்ப யார் காதுலயாவது...

— நம்ம பாஷையில பேசறேன். அந்த வீட்டுல யாருக்குப் புரியும்?

— சொல்றேன் கேளு, இப்ப முதல்ல நீ செய்ய வேண்டியது...

— யோசனை வேண்டாம், அக்கா. பதில் வேணும். அந்தக் கப்பு எப்பவோ காய்ஞ்சு போச்சு, இன்னும் எதைத் துடைக்கறே?

— உட்காரு.

— நின்னுக்கிட்டே கேட்கறேன்.

— நான் வேலை பார்க்கற ஹன்னே வீட்டுல காகித இதயம் பின்ற நாள் வச்சிருந்தாங்க. மரத்துல தொங்கவிடுவாங்களே, சிவப்பும் வெள்ளையும். அந்தத் தாய்மார் கூட்டம் மொத்தமும் வந்துச்சு. ஒரே மாசத்துல பிள்ளை பெத்தவங்க, அன்னையிலேருந்து விடாம கூடிக்கிட்டிருக்காங்க. கமிலா மட்டும் வரலை, ஆல்மாவுக்கு இருமல்னு.

— அன்னைக்கு நான்தான் அவளுக்குக் கஷாயம் வச்சேன். மேல சொல்லு.

— எல்லாரும் போன பிறகு ஹன்னே எனக்கும் ஒரு கோப்பை சூடான ஒயின் ஊத்தினாங்க. ‘உட்காரு நெனிதா, நீ எனக்கு வேலைக்கு வந்தவ இல்லை, சிநேகிதி’ன்னாங்க.

— நீயும் உட்கார்ந்துட்டே.

— உட்கார்ந்துட்டேன். நாள் முழுக்க நின்ன காலு. அவங்க கேட்டாங்க, ‘எங்க பிள்ளைங்க யாருமே இப்படி இல்லை, கமிலா வீட்டுப் பொண்ணுகிட்ட மட்டும் ஆல்மா எப்படி இப்படி அடங்கறா?’ன்னு. உன்னைப் பெருமையாச் சொல்லணும்னுதான்... ‘பெத்து வளர்த்த கை வேற இல்லையா’ன்னு வந்துருச்சு.

— பெருமையா.

— சொன்ன மாத்திரத்துல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நமக்குள்ளயே இருக்கட்டும்’னாங்க.

— ‘வீட்டுக்காரம்மா சிநேகிதின்னு சொன்னா சிரிச்சுட்டு எழுந்து பாத்திரத்தைத் தேய்.’ இது யாரோட யோசனை?

— என்னோடது.

— ஊர்ல புயல் கொண்டுபோன கூரைக்கு இன்னும் தார்ப்பாய்தான் கட்டியிருக்கு. என் தங்கச்சி அதுக்கடியிலதான் அவனை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. இன்னும் ஒரு வருஷம் இருந்தேன்னா வீட்டை நிமிர்த்தியிருப்பேன். அந்த ஒரு வருஷத்தை ஒரு கோப்பை ஒயினுக்குக் கொடுத்துட்டே.

— என்னை மன்னிச்சுரு, ரோசெல்.

— அதை மாதாகிட்டக் கேளு, அவங்களுக்கு அதுதான் வேலை. நான் உன்னை அக்கான்னு கூப்பிட்டேன் பாரு, அதைத் திருப்பி எடுத்துக்கறேன், நெனிதா.

— கோட்டை மாட்டிக்கிட்டுப் போ. வெளியே குளிரு.

— இதுவும் யோசனையா?

— இல்லை. குளிருது, அதான்.

— போ, புதுப் பொண்ணுங்க காத்திருக்காங்க. உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்கறது அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நானும் நினைச்சேன்.

✽

— நெனிதாவா? உள்ளே வாங்க, கதவைச் சாத்துங்க. ரோசெலைப் பார்க்க வந்தீங்கன்னா அவ இல்லை, ஆல்மாவைக் கூட்டிக்கிட்டு சர்ச்சுக்குப் போயிட்டா. வீட்டுல எல்லாரும் முன்னாடியே போயாச்சு. அடுப்புல வேகற வாத்தை ஒரு வழி பண்ணிட்டு நானும் கிளம்பணும்.

— தெரியும், கமிலா. அவ இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தேன். பூட்ஸைக் கழட்டிட்டு வர்றேன், தரையெல்லாம் ஈரமாயிரும்.

— அந்தப் பையன் விஷயமா? உண்மையைச் சொல்லணும்னா, எனக்கும் இது சுலபமா இல்லை. பண்டிகை நாள்ல இதைப் பேச வேண்டாமே.

— இன்னைக்கே பேசணும். அவன் ரோசெலோட பையன் இல்லை.

— ஹன்னேகிட்ட நீங்கதானே சொன்னீங்க?

— நான்தான். ஹன்னே சட்டுனு கேட்டதும் பயத்துல மாத்திச் சொல்லிட்டேன். அவன் என் பையன்.

— என்ன சொல்றீங்க?

— ஹன்னே வீட்டுல என் ஃபோன் எப்பவும் சமையல் மேஜைமேலதான் கிடக்கும். அதுல ஒரு பிள்ளை அம்மான்னு கூப்பிட்டா என் கதி என்ன? அதனால ரோசெலோட ஃபோனுக்குப் பேசச் சொல்லிப் பழக்கினேன். யாராவது எட்டிப் பார்த்தாலும் தெரியக் கூடாதுன்னு, அவளையே அம்மான்னு கூப்பிடவும் சொல்லிக் கொடுத்தேன்.

— நான் முகத்துக்கு நேரா கேட்டேன், நெனிதா. அவ மறுத்து ஒரு வார்த்தை பேசலையே.

— மறுத்தா அடுத்தது என்ன கேட்பீங்க? ‘அப்போ யாரோட பையன்?’னு. என்னைக் காட்டிக் கொடுக்கணுமேன்னு வாயை மூடிக்கிட்டா. நான் அவளைக் காட்டிக் கொடுத்த பிறகும் அவ என்னைக் காட்டிக் கொடுக்கலை.

— அவன் பேரு?

— ஜூன்ஜூன். ஆறு வயசு. இடது புருவத்துல ஒரு தழும்பு. கூரை பறந்த நாள்லேருந்து காத்து பலமா அடிச்சா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவான். வெளியே வான்னு கூப்பிட்டா வர மாட்டான், பாட்டுப் பாடினா வருவான்.

— யார் பார்த்துக்கறாங்க?

— அவ தங்கச்சி.

— அவன்னா?

— என் தங்கச்சி. எங்க பேச்சுல அப்படி வந்துரும்.

— சத்தியமாச் சொல்றீங்களா?

— இன்னைக்கு ஆண்டவர் பிறக்கற நாள், கமிலா. சத்தியம் மட்டும் கேட்காதீங்க. கேட்டீங்கன்னா பண்ணிருவேன். அப்புறம் நான் மேல போய்த் தனியா பதில் சொல்லிக்கணும்.

— இது ஹன்னே காதுக்குப் போனா உங்களை அனுப்பிருவா. தெரியும்தானே?

— சட்டம் எனக்கும் ஒண்ணுதான். பெட்டியைக் கட்டி வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.

— வசந்தத்துக்கு அப்புறம் முதியோர் இல்லத்துல உங்களை வேலைக்குச் சேர்த்துவிடறேன்னு சொல்லிட்டிருந்தா. அதுக்குத்தானே டேனிஷ் வகுப்புக்கெல்லாம் போய்ட்டு வர்றீங்க?

— அதுவும் போகும். போகட்டும். அந்த வாத்தைத் திருப்பி விடுங்க, ஒரு பக்கம் கருகற வாசனை வருது.

— அய்யோ, ஆமா. அந்தக் கைத்துணியை எடுங்க.

— நீங்க தட்டைப் பிடிங்க, நான் திருப்பறேன். இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க.

— என்னமோ காலையிலேருந்து எதுவுமே சரியா வரலை. ரோசெலுக்குத் தட்டு வைக்கறதா வேண்டாமான்னு அந்த மேஜையையே சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருக்கேன். வச்சா பொய்யா இருக்கு, வைக்காம விட்டா ஆல்மா ஏன்னு கேட்பா. அவளுக்கு என்ன சொல்றது?

— வச்சிருங்க. தட்டு வச்சு யாரும் கெட்டுப் போனதில்லை.

— நீங்க ஏன் இதைச் செய்யறீங்க, நெனிதா?

— என் பையன்னு சொல்றேனே.

— சரி. உங்க பையன். அப்படின்னா ரோசெல் மேல தப்பில்லை. அவ காலம் முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். சர்ச்சுலயே அவகிட்டச் சொல்லிடறேன்.

— நான் வந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. விசாரிச்சதுல தப்பான சேதின்னு தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க, போதும்.

— அவ உங்க பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கறா. இதைச் சொன்னாலாவது...

— வேண்டாம். அந்தக் கோபம் நான் சம்பாதிச்சது, என்கிட்டயே இருக்கட்டும். அவளுக்கு நிம்மதி வந்தா சரி.

— ஒரு கோப்பை காபியாவது குடிச்சுட்டுப் போங்க.

— இல்லை, நீங்க கிளம்பணும். சாயங்காலத்துக்கு அப்புறம் ரயிலும் குறைஞ்சிரும். ஹன்னேகிட்ட எப்போ சொல்றதா இருக்கீங்க? விருந்துக்கு முன்னாடின்னா நல்லது. அவங்க மேஜையில உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு எழுந்து போறது கஷ்டமா இருக்கும்.

— ரோசெல் இருக்கட்டும்னு சொன்னதுல மாத்தமில்லை; போய்ப் பெட்டியைப் பிரிச்சு வைங்க, நெனிதா. உங்களுக்குப் பிள்ளை பிறக்க வழியில்லைன்னு டாக்டர் சொன்னதை, நீங்க ஹன்னேகிட்ட மட்டும் அழுது சொன்னதை, அவ போன வருஷமே எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டா.