கெட்ட யானை

இல்ல சார், நீங்களே சொல்லுங்க, செஸ் ஆட்டத்துல யாராவது யானையைத் தூக்கிக் குதிரைக்குக் கொடுப்பாங்களா? ஆடத் தெரியாத எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு. அது பாட்டுக்கு மூலையில தேமேன்னு நிக்குது, நிக்கட்டுமே. ஒவ்வொரு ஆட்டத்துலயும் அதை ஓட்டிக்கிட்டுப் போய் எதிராளி வாயில வைக்கிறான். என் தம்பியைச் சொல்றேன். அதோ, கதவுக் கண்ணாடி வழியா பாருங்க, சன்னலோர மேஜை, முதுகைக் காட்டிக்கிட்டுக் காதைச் சொறியறானே, அவன்தான்.

எதிர் நாற்காலி காலியா கிடக்கு பாருங்க. பஸ் தவறி நான் இப்பதான் வந்தேன், வந்ததுலேர்ந்து காலிதான். யோசிக்கிறதுக்கு எழுந்து போயிருக்காராம். உக்காந்த இடத்துல யோசிச்சா மூளை ஓடாதா? பாவம், அவரைச் சொல்லியும் குத்தமில்ல. முன்னாடி யானை வந்து நின்னா யாருக்குத்தான் குழப்பம் வராது.

டீயைக் குடிங்க சார், ஆறுது. நான் இப்படித்தான், பதட்டம் வந்தா பேசுவேன். பேசலைன்னா நகத்தைக் கடிப்பேன். நகம் தீர்ந்து போச்சு.

இன்னிக்கு அவன் ஜெயிக்கக்கூட வேணாம், தோக்காம இருந்தா போதும். ஒரு கம்பெனி அணியில சேர்த்துக்கறாங்களாம், சேர்த்தா வேலையும் உண்டு. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். எனக்கே இன்னும் நிலையா ஒரு வேலை அமையல. அப்பா தினமும் கேக்கறாரு, “ராஜாவையும் ராணியையும் கைக்குள்ள வச்சிருக்கான், ஒரு வேலைக்குச் சிபாரிசு பண்ண மாட்டாங்களா”ன்னு. அதைக் கேட்டு இவனுக்குச் சிரிப்பு வர்றது நின்னு ரொம்ப நாளாச்சு.

எல்லாம் ஒரு புத்தகத்தால வந்தது சார். சோவியத் இருந்த காலத்துல அச்சான தடிப் புத்தகம், பழைய கடையில தூக்கிட்டு வந்தான். முழுக்க ரஷ்ய மொழி. நான் காலேஜ்ல சாயங்கால வகுப்புல அந்த மொழி கொஞ்சம் படிச்சிருந்தேன், அது தெரிஞ்சுதான் வாங்கியிருக்கான். அந்த ஆட்டமெல்லாம் எப்படின்னு நினைக்கிறீங்க? வெட்டு குத்து கிடையாது. ஒரு குதிரையை நல்ல கட்டத்துல உக்கார வைக்கப் பக்கம் பக்கமா எழுதறாங்க, பொண்ணுக்கு வரன் பார்க்கறவங்ககூட அவ்வளவு யோசிக்க மாட்டாங்க. எதிராளி எதுக்கு ஆசைப்படறான்னு கண்டுபிடிச்சு, அது நடக்காம பார்த்துக்கறதே பாதி ஆட்டமாம். எங்க அத்தை எங்க வீட்டுக்கு வந்தா செய்யறதும் அதேதான், அவங்களுக்கு யாரும் கோப்பை கொடுக்கல.

நகர்த்தலை எல்லாம் படத்தைப் பார்த்து அவனே புரிஞ்சுக்குவான். நடுவுல வர்ற விளக்கத்தை நான் தமிழ்ல சொல்லணும், அவன் சாப்பிட்டுக்கிட்டே கேட்பான். அதுலதான் ஒரு நாள் வந்துச்சு, சொந்தச் சிப்பாய்ங்களுக்குப் பின்னால அடைஞ்சு கிடக்கிறது கெட்ட யானை, அதைக் கொடுத்து எதிராளியோட நல்ல குதிரையை வாங்கிடணும்னு. வாயில வச்ச கவளத்தோட நிமிர்ந்து பார்த்தான். யானை பெரிய காயாச்சே, சரியா படிச்சியான்னு கேட்டான். எனக்குக் கோபம் வந்துடுச்சு. அகராதியைப் புரட்டிப் புரட்டிச் சொல்றவ நான். உலகத்தையே ஜெயிச்சவங்க எழுதினதுடா, உனக்கென்ன தெரியும்னு வாயை அடைச்சுட்டேன்.

அவனும் கொடுக்க ஆரம்பிச்சான். வேடிக்கை என்னன்னா, எதிராளிங்க மிரண்டு போயிட்டாங்க சார். இவ்வளவு பெரிய காயைச் சும்மா நீட்டறான்னா பின்னால ஏதோ இருக்குன்னு, எடுக்கப் பயந்து, தடுமாறித் தோத்தாங்க. அந்தக் கால ஆளுங்க நிஜமாவே அப்படித் தியாகம் பண்ணுவாங்களாமே? மன்றத்துல இப்ப இவனுக்குப் பேரே யானைப்பாகன்.

காலையில செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னான், “அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதே. அவங்க எடுக்காத வரைக்கும்தான் என் பிழைப்பு. எடுத்துட்டா அடுத்து என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது.”

நான் யார்கிட்ட சார் சொல்லப் போறேன்.

அடடா, பேனா விழுந்துடுச்சு பாருங்க. இந்தாங்க. உடம்பு சரியில்லையா? வேர்க்குதே. நீங்களும் உள்ள யாரையோ விட்டுட்டுத்தான் நிக்கறீங்க போல.

புத்தகம் பையிலதான் இருக்கு. அந்த வரியை நானே இன்னொரு தடவை பார்க்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்… என்ன சார், புத்தகத்தைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கறீங்க? சரி, நீங்க பார்க்க வேணாம், நான் படிக்கிறேன். இது முதல் பக்கம், காய்ங்களோட படம். சின்னப் பிள்ளைங்களுக்குப் போட்டதுன்னு அன்னிக்கே தாண்டிட்டேன். ராஜா… ராணி… குதிரை… இதோ, யானை. யானைன்னு போட்டு… இதென்ன, தலை கூரா இருக்கு? இது… இது மந்திரியில்ல? தப்பா அச்சடிச்சுட்டானா? அப்போ நம்ம யானைக்கு என்ன போட்டிருக்கான்? படகு. படகாம் சார். மூலையில நிக்கிறது அவங்களுக்குப் படகு. மந்திரியைத்தான் அவங்க யானைங்கறாங்க.

ஐயையோ. மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்குன்னு எழுதியிருக்கான். அது சரிக்குச் சரி, அது நியாயம். நான்… சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டேனே சார். பெரிய திட்டமும் இல்ல, தியாகமும் இல்ல. இவன் வெறுமனே யானையைத் தூக்கிக் கொடுத்துக்கிட்டிருக்கான், நான் சொன்னேன்னு. இப்ப மட்டும் அந்த ஆள் வந்து எடுத்தாரு…

எங்க சார் கிளம்பிட்டீங்க? டீ அப்படியே இருக்கு. சார், அந்தப் பக்கம் போகாதீங்க, அந்தக் கதவு ஆட்டக்காரங்களுக்கு மட்டும்தான், என்னையே விடல. காவல்காரர் சத்தம் போடுவாரு… என்ன, கதவைத் திறந்து விடறாரு?

சன்னல் பக்கமா ஏன் போறீங்க?

சார்… சார், கொஞ்சம் நில்லுங்க. நான் சொன்னதெல்லாம் பொய் சார். எனக்கு ரஷ்ய மொழி தெரியவே தெரியாது. யானைன்னா அங்கயும் யானைதான் சார்!