மாப்பிள்ளையின் முகத்தில் இரண்டு கோடுகள்

எனக்கு யார் மேலும் கோபம் வராது. பொம்மைத் தொழிற்சாலையில் புருவம் வரைகிற வேலை. வரைகிறவன் கோபித்துக்கொண்டால் அன்றைக்கு முறைக்கிற பொம்மைகள்தான் பெட்டி பெட்டியாகக் கடைக்குப் போகும்.

என்னிடம் ஓர் ஆண் டாரண்டுலா சிலந்தி இருந்தான். உள்ளங்கை அகலம், முட்டிக்கு முட்டி சிவப்பு, தங்கமான சுபாவம். ராசா என்று கூப்பிடுவேன். கல்யாண வயதுக்கு வந்த ஆண் டாரண்டுலா அதன்பின் அதிக நாள் இருக்காது. அவன் வாரிசில்லாமல் போய்விடுவானே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெண் வைத்திருந்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவரோ இன சுத்தம் பார்ப்பவர். சிவப்பு முட்டிக்காரர்களில் இரண்டு இனம் உண்டு. பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். முகத்தில் குறுக்கே இரண்டு மங்கல் கோடு இருந்தால் ஓர் இனம், இல்லாவிட்டால் மற்றது. டாக்டர் பூதக்கண்ணாடியில் ராசாவைப் பார்த்தார்.

"கோடு இல்லீங்களே. இது வேற இனம். கலந்து பொறக்கிற குஞ்சை எல்லாம் ஃப்ரீசர்லதான் வைக்கணும். இல்லேன்னா வம்சமே கெட்டுப்போயிடும்."

"கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க டாக்டர்."

"பல்லு வேணா ஓசியில புடுங்கி விடறேன். பொண்ணு தரமாட்டேன்."

நான் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து, பொம்மைக்கு இமை வரையும் தூரிகையால் அவன் முகத்தில் இரண்டு கோடு போட்டேன். மறுவாரம், இவன் வேறு பையன் என்று சொல்லிக் கொண்டுபோனேன். "இதுதாங்க களை!" என்று டாக்டர் பூரித்துப்போனார்.

காரியம் நல்லபடி முடிந்தது. முடிந்ததும் பெண் அவனைத் தின்றுவிட்டாள். அவர்கள் குடும்ப வழக்கம் அப்படி. நான் வாய்விட்டு அழுதேன். டாக்டர்தான் தேற்றினார். ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று, மிச்சம் கிடந்த முகத்தை எடுத்துக் குழாயில் கழுவினார். கோடு இரண்டும் தண்ணீரோடு போய்விட்டன.

அவர் கத்திய கத்தலில், காத்திருந்த பல்வலிக்காரர்கள் இரண்டு பேர் வலி போய் எழுந்து நடந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். பெண் முட்டைப் பையை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள். எத்தனையோ கடைவாய்ப்பல் பிடுங்கியவருக்கு அதைப் பிடுங்கத் துணிவில்லை. பொரியட்டும் என்று விட்டுவிட்டார்.

பொரிந்த அன்று என்னைக் கூப்பிட்டார். அலமாரியில் இடது தட்டில் ராசாவின் பிள்ளைகள். வலது தட்டில், டாக்டரின் இன்னொரு பெண்ணுக்குச் சுத்தமான மாப்பிள்ளையால் பிறந்தவை. எல்லாம் மிளகளவு. அந்த வயதில் எந்தக் கொம்பனாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. தட்டில் ஒட்டிய சீட்டுதான் இனம்.

"தப்பு பண்ணது நீங்க. நீங்களே உங்க கையால ஃப்ரீசர்ல வச்சுடுங்க. என்னால பாக்க முடியாது" என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்.

வைத்தேன்.

இப்போது எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போகிறேன். குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. சிலதுக்கு ஒரு கோடு, சிலதுக்கு அரைக் கோடு. "சுத்த இனத்தோட முகமே தனிங்க" என்கிறார் டாக்டர். தலையாட்டுகிறேன். ரொம்பவும் மங்கலாக இருப்பவற்றுக்கு, அவர் டீ போடப் போகிற நேரத்தில் கொஞ்சம் தொட்டுவிடுகிறேன்.

"பாவம், உங்க கையாலயே வைக்கச் சொல்லிட்டேனே" என்று அவ்வப்போது வருந்துகிறார். எனக்கு அப்படி ஒன்றும் உறுத்தலில்லை. சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டியது நான். வலது தட்டை ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டு, இடது தட்டை அதன் இடத்துக்கு நகர்த்தியதும் நான். ஆனால் ஓர் உயிரைக் கொல்லும் மனசு எனக்குக் கிடையாது. போனவை டாக்டரின் பிள்ளைகள்தானே.