மாவு மூட்டையில் கொக்கி

துறைமுகத்திலிருந்து வந்த பஸ்ஸில், என் முன்சீட்டில் மூட்டை தூக்குகிற இருவர். ஒருவர் தலையெல்லாம் மாவு.

"என்னலே, காலையில கறுப்பாத்தான இருந்த?" என்றார் மற்றவர்.

"புதுசா வந்த விளாத்திகுளத்தான், ஒத்தாசை பண்ணுதேன்னு மாவு மூட்டைய கொக்கியால குத்தித் தூக்கிட்டான். கிழிஞ்சு எம்மேல கொட்டிட்டு. எல்லாரும் சிரிச்ச சிரிப்புல, ஊருக்கே போறேன்னு பையத் தூக்கிட்டான்."

"மாவுக்கு கொக்கி ஆவாதுன்னு ஒருத்தனும் சொல்லலியோ?"

"குத்தட்டும், பாப்பம்னு இருந்தோம்."

"நல்லாப் பாத்திய."

மாவுக்காரர் தன் ஸ்டாப் வந்தும் இறங்கவில்லை.

"எங்கலே போற?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. அவன் பஸ்ஸு இன்னும் கெளம்பிருக்காது."

"தலையத் தட்டிட்டாவது போ."

"இருக்கட்டும். அவனும் கொஞ்சம் சிரிக்கட்டும்லா."