குடும்பிமலையில் ஒளிந்திருந்தவர்

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸில், கிரானில் ஏறிய புருசனும் பெண்சாதியும் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். ஐம்பதை நெருங்கும் அந்த மனிதரின் நெஞ்சில் ஓட்டப்போட்டி இலக்கம் குத்தியிருந்தது. சப்பாத்து முழுக்கச் சேறு.  சித்தாண்டி தாண்டியதும் அந்தப் பெண் தொடங்கினார்.

“குடும்பிமலையில ஓடப்போறன் எண்டுதானே சொன்னீங்க? ஒளிச்சுப் பிடிச்சு விளையாடவா போனீங்க?”

“மெதுவாக் கதை புள்ள. ஆக்களுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். கிழமைக்குக் கிழமை கல்லடிப் பாலத்தில ஓடுறீங்க. ஓடி முடிய எல்லாரும் சேந்து கடையில புட்டும் இறைச்சியும். அதில மட்டும் நீங்கதானாம் முதலாம் இடம்.”

“மலை எண்டா வேற. பாதியில கால் பிடிச்சிட்டு.”

“பிடிச்சா இறங்கி வாறதுதானே? கீழ பாத்துக்கொண்டு நிக்கிறன், எல்லாரும் வந்திட்டாங்க, உங்களக் காணல்ல. ஆனை அடிச்சிட்டோ, நெஞ்சு நொந்து விழுந்திட்டாரோ எண்டு கத்திக் கத்தி மேல ஏறினன். மகாராசா கல்லுக்குப் பின்னால இரிந்து தண்ணி குடிக்கிறார்!”

“கடைசியா வர வெக்கமாப் போச்சு. எல்லாரும் போகட்டும் எண்டு இரிந்தன்.”

“வெக்கம் உங்களுக்கு. உசிர் போனது எனக்கு.”

 மனிதர் மனைவி பக்கம் திரும்பி, “அடுத்த முறை நீயும் வந்து ஓடன் புள்ள” என்றார்.

“இண்டைக்கு அந்த மலையில ஓடினதே நான்தான்.”