கள்ளன் இலை

எங்கள் வீட்டு ஏணி நல்ல ஏணி. அதன் மேல் யாரும் பழி போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் தன் கையாலேயே மூங்கில் வெட்டிக் கட்டியது, பதினோரு வருடமாக ஒரு படிகூட ஆடியதில்லை. நீங்கள் அதைச் சாட்சிப் பொருள் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அங்கே பரணில் சோளம் கிடக்கிறது, அண்ணி எப்படி ஏறி எடுப்பார்? வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் ஐயா.

என் பெயர் ஃபான் வான் லின். வயது நாற்பத்தாறு. இறந்துபோன ஃபான் வான் சியூ என் கூடப்பிறந்த அண்ணன், எட்டு வயது மூத்தவன். அவனை எனக்கு மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது, பின்னால் வருவதெல்லாம் அப்போதுதான் சரியாகப் புரியும்.

இருபத்திரண்டு வருடம் ஹனோயில் இருந்தேன். மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கூடத்தில் குப்பி கழுவும் வேலை. முயல்களுக்குத் தீனி போடுவதும் என் பொறுப்பு. குப்பி கழுவுகிறவனுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். காது திறந்திருந்தால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் இருந்தபடியே வை, என்ன ஆகிறது என்று பார். அங்கே படித்தவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இதைத்தான்.

கூடத்தை மூடியதும் மலைக்குத் திரும்பினேன். அண்ணன் பன்றி அறுத்தான், சோளச் சாராயம் ஊற்றினான், வெயில் விழுகிற பக்கத்து அறையை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டான். "இனிமே எங்கயும் போகாதடா. நீ பக்கத்துல இருந்தா எனக்கு ரெண்டு கை கூட இருக்கிற மாதிரி" என்றான். அவன் குணம் அது. ஒரு விஷயத்திலும் அவனைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் மக்களிடம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலைக்கட்டு உண்டு. அந்த வீட்டுப் பெண் காட்டுக்குத் தனியாகப் போய்ப் பறித்து, அடுப்புக்கு மேலே புகையில் உலர்த்திக் கட்டி வைப்பாள். கட்டைக் கொதிக்கவைத்து மரத்தொட்டியில் ஊற்றி, அடிபட்டவனைக் கழுத்தளவு உட்காரவைக்க வேண்டும். எங்கள் வீட்டு இலைக்கட்டில் ஐந்து வகை இலை. நான்கு மருந்து, ஒன்று சும்மா. அந்தச் சும்மா இலைக்குக் கள்ளன் இலை என்று பெயர். யாராவது கட்டைத் திருடிப் பிரித்துப் பார்த்தால் குழம்பிப் போகட்டும் என்று சேர்ப்பது. ஐந்தில் கள்ளன் எது என்பதை மாமியார் மருமகளுக்கு மட்டும்தான் சொல்வாள்.

ஐந்தையும் பார்த்து அப்படியே பறித்துக் கட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். அது வேலைக்காரன் அறிவு. எது கள்ளன் என்று தெரிந்தவர்தான் அந்த வீட்டு ஆள். நான் அந்த வீட்டில் பிறந்தவன். அண்ணி லோ மேய் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அம்மா என்னை வெளியாளாக நினைத்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது. வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம். எங்களில் ஆண்பிள்ளை கேட்கிற கேள்வி இல்லை அது.

முதல் முறை விழுந்ததற்கு நான் காரணம் இல்லை. ஐப்பசி மழையில் அண்ணன் கூரைத் தகரத்தைச் சரிசெய்யப் போய்ச் சறுக்கி விழுந்தான். இடது இடுப்பு. அசைக்க முடியவில்லை. அண்ணி இலைக்கட்டை எடுத்துக் கொடுத்தார், நான் கொதிக்கவைத்துத் தொட்டியில் ஊற்றினேன், குளிப்பாட்டியது அண்ணி. ஒன்பது நாள். பத்தாவது நாள் ஏலக்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். ஒன்பது நாள் என்கிற அந்த எண் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கட்டு முழுதாக இருந்தால் ஒன்பது நாள். ஓர் இலையை எடுத்துவிட்டும் ஒன்பதே நாளில் எழுந்தான் என்றால், எடுத்ததுதான் கள்ளன். இதைவிடச் சுலபமான வழி இருந்தால் சொல்லுங்கள்.

அதற்கு அவன் மறுபடி விழ வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் பரண் ஏணியின் நான்காவது படியில் பன்றிக்கொழுப்பைத் தடவினேன். ஏணிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? இடது பக்கமாக விழ வேண்டும் என்பதற்காக வலது பக்கம் சாக்குகளை அடுக்கினேன். சரியாக இடது இடுப்பிலேயே விழுந்தான். இலைக்கட்டிலிருந்து ஒரு வகை இலையை மட்டும் உருவி அடுப்பில் போட்டுவிட்டு மற்றதைக் கொதிக்கவைத்தேன். ஒன்பது நாளில் எழுந்துவிட்டான்.

முதல் தடவையிலேயே கள்ளன் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்துவது கூடத்து வழக்கம் இல்லை. இரண்டு மாதம் விட்டு, அடுத்த கட்டில் அந்த இலையை இருக்கவிட்டு, வேறொன்றை உருவினேன். அப்போதும் ஒன்பது நாள். ஒரு வீட்டில் இரண்டு கள்ளன் எப்படி இருக்க முடியும்? மூன்றாவதைப் பார்க்காமல் விடுவது நியாயமா?

நான் அவனை அவசரப்படுத்தவே இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் ஓய்வு கொடுத்தேன், முயல்களுக்கு அவ்வளவெல்லாம் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் நான்காவது படியைத் தாண்டி ஏறப் பழகிக்கொண்டபோது ஐந்தாவதில் தடவ வேண்டியதாயிற்று. உயரம் ஒரு சாண் கூடிவிட்டது. அதற்காகவே கீழே ஒரு சாணுக்கு வைக்கோல் பரப்பினேன். அவன் உடம்பு நோகக் கூடாது என்கிற எண்ணமும் அதில் இருந்தது.

பக்கத்து வீட்டுக் குவேய் வேலி மேல் சாய்ந்துகொண்டு, "என்னப்பா சியூ, இந்த மாசம் இன்னும் விழலையா? நான் வேடிக்க பாக்க ஆளெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்பான்.

அண்ணனும் விட்டுக்கொடுக்க மாட்டான். "உன்ன மாதிரி குடிச்சிட்டு விழல. வேல செஞ்சு விழுறேன். அதுக்கும் ஒரு தெறம வேணும்டா."

"உன் பொண்டாட்டி தள்ளி விடுறாளான்னு பாரு."

"அவ தள்ளுனா நான் எந்திரிக்கவே மாட்டேன். இது ஏணிதான்."

நான்காவது முறைக்குப் பிறகு, விழுந்த இடத்தில் அவன் உயிரில் ஒரு பங்கு தங்கிவிட்டது என்று ஊரில் முடிவு செய்து, பூசாரியைக் கூப்பிட்டு அதை அழைத்துவர வைத்தார்கள். பூசைக்கான சேவலை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். கடனுக்குப் பிடிக்கவில்லை. இந்த முறையாவது அண்ணன் குணமாகக் கூடாது என்று மனதாரவே வேண்டிக்கொண்டேன். குணமாகிவிட்டான். அன்று சாப்பாடே இறங்கவில்லை எனக்கு.

ஐந்து இலையும் ஆயிற்று. எதை எடுத்தாலும் ஒன்பது நாள். ஐந்துமே கள்ளன் என்றால் அதில் மருந்து எங்கே? அடுத்த ஐப்பசியில் ஓர் இலைகூடப் போடாமல் வெறும் வெந்நீரை ஊற்றினேன். அதற்கும் ஒன்பது நாள். அப்போதுதான் எனக்கு உண்மை புரிந்தது. தலைமுறை தலைமுறையாக எங்கள் பெண்கள் காட்டில் அட்டைக்கடி பட்டுப் பறித்துவந்தது எல்லாமே வெறும் தழை. வெந்நீரின் சூடுதான் மருந்து. இவ்வளவு பெரிய உண்மை என் கைக்கு வந்த பிறகு அதை அரைகுறையாக விட்டுவிட முடியுமா? சூட்டை எடுத்துவிட்டுப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

தை மாதம் அண்ணி, மகளின் பிரசவத்துக்காகக் கணவாய்க்கு அப்பால் போனார். போகும்போது இரண்டு இலைக்கட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்து, "உங்க அண்ணன் எப்படியும் விழுவாரு. பாத்துக்கோ தம்பி" என்றார். இரண்டாம் நாளே விழுந்தான். அந்த வாரம் தோட்டத்து முட்டைக்கோஸ் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஓடைத் தண்ணீரை அப்படியே கொண்டுவந்து தொட்டியை நிரப்பினேன். அண்ணனைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

"டேய், தண்ணி வெட்டுதுடா. சுட வைக்க மறந்துட்டியா?"

"இல்லண்ணா. இது வேற முறை."

"அம்மா செஞ்ச முறையா?"

"ஆமாண்ணா."

"அப்ப சரி" என்று கழுத்தளவு இறங்கிக்கொண்டான். பல் தடதடவென்று அடித்தது. அதற்கு நடுவிலும், "நீ மட்டும் ஊருக்கு வரலைன்னா இத்தன தடவ விழுந்ததுக்கு நான் என்ன ஆயிருப்பேன், சொல்லு" என்றான். ஒரு வாளி தண்ணீர் மேலும் ஊற்றினேன்.

காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. மூன்றாம் நாள் குவேய் வந்தான். "இருமுற சத்தம் என் வீடு வரைக்கும் கேக்குது. ஒதடெல்லாம் கருத்துப் போச்சு. வா, ஆளுக்கொரு பக்கமா தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றான். இன்னும் ஆறு நாள் இருக்கிறது, முழுதாக முடியாமல் எதையும் சொல்ல முடியாது என்றேன். அண்ணன் தொட்டியிலிருந்தே கையை ஆட்டினான். "லின் பாத்துக்குறான். நீ போடா, காலையிலேயே வந்து பயமுறுத்தாத." அவன் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையைக் குவேயே வந்து சொல்வான், விசாரித்துப் பாருங்கள்.

நான்காம் நாள் காலையில் கூப்பிட்டேன், அண்ணன் பேசவில்லை. உடம்பு விறைத்திருந்தது. சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தேன், நான்காவது கோட்டுக்குக் கீழே குறுக்காக ஒன்று போட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். துக்கம் இருந்தது, பொய் சொல்லவில்லை. வேலை முடிந்த நிம்மதியும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து ஆட்கள் போன பிறகு, திரும்பி வந்திருந்த அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் என்னை மிரட்டிச் சொல்லவைக்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். இனிமேல் இலைக்காகக் காடு ஏற வேண்டியதில்லை என்று தெரிந்தால் அவருக்கும் ஓர் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். கொழுப்பு, சாக்கு, வைக்கோல், உருவிய இலை, வெந்நீர், ஓடைத் தண்ணீர், ஒன்றும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மணம் கொறஞ்சிருந்துச்சு தம்பி" என்றார் கடைசியில். "ஒவ்வொரு தடவையும். குளிப்பாட்ட நான் உள்ள போனதும் தெரிஞ்சிடும், இன்ன எல இல்லன்னு. டவுன்ல இருந்துட்டு வந்த கை, எதையோ சிந்திடுதுன்னு நெனச்சேன். சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்னு, விட்டுப்போனத நானே மடியில மறைச்சுக் கொண்டாந்து போட்டுட்டேன். ஐப்பசில எலயே இல்ல. அன்னைக்கு முழுக் கட்டும் போட்டேன்."

ஐயா, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடம் மூன்று மாத உழைப்பு. ஆறு முறை விழுந்தது மொத்தமும் பாழ். மாற்றாமல் வைக்க வேண்டியதை என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். எந்த இலை வேலை செய்கிறது, எது செய்யவில்லை, வெந்நீருக்குப் பலன் உண்டா இல்லையா, ஒன்றுமே தெரியாது. நான் அவர் மேல் புகார் கொடுக்கவில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனாலும் இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

"அப்ப கள்ளன் எல எது அண்ணி?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "உங்கம்மா சாகும்போது சொன்னாங்க. சின்னவன் திரும்பி வந்து கேட்டா அவனுக்கும் சொல்லிடு, அவன் வெளியாள் இல்லன்னாங்க. நீ இன்னைக்குக் கேப்ப, நாளைக்குக் கேப்பன்னு நானும் பாத்துட்டேதான் இருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, பாவி."

கேட்டுவிட்டேனே, சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்து, சிவப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, சரிவில் இறங்கி நேராக உங்களிடம் வந்துவிட்டார். இலையின் பெயரைச் சொல்லவே இல்லை.

ஏணியில் கொழுப்புத் தடவியது நான். பச்சைத் தண்ணீரில் உட்காரவைத்தது நான். குவேய் தூக்கிப்போகலாம் என்றபோது தடுத்ததும் நான்தான். என் அண்ணனைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன், அந்தச் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. என் வருத்தம் வேறு. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு வேறு ஆளை வைத்தால் கணக்கு ஒத்துவராது, அதே உடம்பு வேண்டும். அண்ணன் மட்டும் உயிரோடு இருந்தால் இந்த முறை எதையும் மறைக்காமல் விஷயத்தைச் சொல்லியே கேட்பேன். எனக்காக என்றால் அவன் மறுபடியும் விழுவான்.