பாலத்தின் மேலிருந்து விழுந்த மீன்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், குத்துக்கல்வலசை குடியிருப்போர் நலச்சங்கத் தலைவி, குரலை உயர்த்தாமலேயே கூட்டத்தை அடக்கத் தெரிந்த மங்களேஸ்வரி அம்மையார் அவர்களே! முன்வரிசையில் குடையும் கையுமாக வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மீன் உண்ணாதவர்களாயினும் மீனுக்காக வந்திருக்கும் அன்பர்களே! தூண்டிலை நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்திருக்கும் என் அருமைத் தோழர்களே! சாரல் நனைக்கும் இந்தச் சிற்றாற்றங்கரையில் நின்று, நனைந்தபடியே வணங்குகிறேன்.

என்னை இப்போது ‘நதியின் நாயகன்’ என்று அறிமுகம் செய்தார்கள். நன்றி. அந்த நதியில் நான் கடைசியாகப் பிடித்தது ஒரு செருப்பு. இடது கால்.

நான் கணேசமூர்த்தி. உத்தியோகம் தபால் நிலையத்தில். வாழ்க்கை யானைப்பாலத்துக்குக் கீழே, தூண்டிலோடு. தென்காசியில் திறப்பு விழாக்களுக்குப் பஞ்சமில்லை. நகைக்கடை திறந்தோம், ஜவுளிக்கடை திறந்தோம், பரோட்டாக் கடை திறந்தோம். ஆனால், வேண்டாத மீனை வாங்கிப் போட்டுக்கொள்ள ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, அதற்கு ரிப்பனும் கட்டிய ஊர் வேறு எங்கேனும் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. ஏன் இந்தத் தொட்டி? எதற்கு இந்த விழா? யாரால் வந்தது இந்த வினை? அதைச் சொல்லத்தான் என்னை மேடை ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

சுருக்கமாகச் சொல்லும்படி தலைவி சீட்டு அனுப்பியிருக்கிறார். சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன் அம்மா. இது முன்னுரை.

இது ஒரு மாமனார், மருமகன் கதை. இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள். இருவரிடமும் அனுமதி பெற்றுவிட்டேன். இடையில் நின்று துன்பப்பட்டவர் ஷிஃபா. ஒருவருக்கு மகள், இன்னொருவருக்கு மனைவி. அவர் மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டார். “எங்க வாப்பாவை நாலு பேரு சிரிக்கும்படி ஆக்கிராதீங்க அண்ணாச்சி” என்றார். ஆகவே சிரிக்க வேண்டியவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்.

மாமனார் ஆதம் பாய், சவுதியில் குழாய் பற்ற வைக்கும் வேலையில் இருந்தவர். கண்ணுக்கு எட்டிய வரை மணல், கைக்கு எட்டிய வரை இரும்பு. அவர் தங்கியிருந்த அறைச் சுவரில் குற்றால அருவிப் படம் போட்ட காலண்டர் ஒன்று. தேதியெல்லாம் கிழிந்து முடிந்த பிறகும் படம் தொங்கியது. வேலையை விட்டால் என்ன செய்வீர்கள் என்று அறைத் தோழர்கள் கேட்பார்களாம். ஒருவர் கடை வைப்பேன் என்பார், ஒருவர் கார் வாங்குவேன் என்பார். இவர், “ஆத்துல தூண்டில் போடுவேன்” என்பாராம். அவ்வளவுதானா என்று கேட்டால், அவ்வளவுதான்.

ஊருக்கு வந்தார். தூண்டில் போட்டார். விரால் வரும் என்று இருந்தார், வரவில்லை. கெளுத்தி வரும் என்று இருந்தார், வரவில்லை. கெண்டையாவது வரும் என்று இருந்தார், கொசு வந்தது. தூண்டிலை வைத்துவிட்டு வலை வீசினார். வலை கனத்தது. ஆசையோடு இழுத்தார். உள்ளே இருந்தது கறுத்த மேனி, கவசம் போன்ற தோல், முதுகிலும் பக்கத்திலும் முள், அடியில் உறிஞ்சும் வாய். வலையையும் கிழித்துவிட்டு, ‘என்ன பார்க்கிறாய்’ என்பதுபோல் கிடந்தது.

அதுதான் டேங்க் கிளீனர். தென்அமெரிக்காவில் பிறந்த சாதி. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னும் என்று விரல் நீளத்தில் வாங்குகிறோம். அது முழங்கை நீளத்துக்கு வளர்கிறது. ஆற்றில் இறங்கினால் பாசியைத் தின்னும், மற்ற மீன் இட்ட முட்டையையும் தின்னும், கரையைக் குடைந்து பொந்து போட்டுக் குஞ்சு பொரிக்கும். கரையில் தூக்கிப் போட்டால் சாகுமா? பொழுது முழுக்கக் கிடந்தாலும் சாகாது. நான் ஒன்றைச் செத்துவிட்டது என்று நம்பி, குனிந்து அனுதாபத்தோடு பார்த்தேன். அது வாலால் என் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

ஆதம் பாய்க்குப் புரியாத கேள்வி ஒன்றுதான். இது எங்கிருந்து வந்தது? அருவியில் விழுந்து வந்ததா? மேகத்தில் ஏறி வந்ததா?

ஒரு நாள் காலை. அவர் பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். பக்கத்தில் நான். மேலிருந்து, அன்பர்களே, ஒரு மீன் விழுந்தது. அவர் தோளில் பட்டு ஆற்றில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தோம். பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு மனிதர், கையில் காலிப் பை, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கும்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, ஆதம் பாய் கேட்டார். “என்னத்தைப் போட்டீங்க தம்பி?”

“மீனுதான் பாய். தொட்டில பெருசாயிட்டு, மத்த மீனையெல்லாம் தொந்தரவு பண்ணுது. கொல்ல மனசு வரலை. கடைக்காரருதான் சொன்னாரு, பாலத்துல இருந்து விட்டுருங்க, புண்ணியமாப் போகும்னு.”

எந்தக் கடை என்று கேட்டார் ஆதம் பாய். அவர் சொன்னார். அதைக் கேட்டதும் ஆதம் பாய் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார். அது அவருடைய மருமகன் யாசரின் வண்ணமீன் கடை.

மறுநாள் அவர் வலை வீசினார். அகப்பட்ட கறுப்பு மீன்களை வாளியில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, கடைக்கு எடுத்துப் போனார். கடையில் நல்ல கூட்டம். வாளியை நடுவில் வைத்து, சாக்கை எடுத்தார். கோபம்தான். ஆனாலும் மருமகனுக்குரிய மரியாதையில் ஒரு குன்றிமணியும் குறைக்கவில்லை.

“மாப்பிள்ளை, இது உங்க கடைச் சரக்கு. ஆத்துல கிடந்துச்சு.”

யாசர் வாளியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். “மாமா, நான் விக்கது விரல் நீளம். இது என் மீனு இல்ல.”

“உங்க மீனுதான். ஆத்துல வளந்திருக்கு.”

வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நாலு பேர் முன்னால் இப்படிச் செய்துவிட்டாரே என்று யாசருக்கு மனம் நொந்தது. பாலத்தில் போய் விடச் சொன்னது தாம்தான் என்பதில் அதைவிட நொந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நோன்புப் பெருநாள் வந்தது. ஆதம் பாயின் துணைவியார் ஹைருன் பீவி மருமகனுக்கென்று பிரியாணி ஆக்கி, இலை போட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிஃபா மட்டும் வந்தார். உட்கார்ந்தார், அழுதார், சாப்பிடாமலே போனார். அவர் போன பிறகு ஹைருன் பீவி கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு மீனுக்காவ மவளை விட்டுட்டியளா?”

தாய்மார்களே, அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த ஆண்மகனிடம் பதில் இருக்கிறது? கைதட்டும் ஆண்கள் வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

பெருநாளிலிருந்து பெருமழை வரை அந்த இரண்டு வீட்டுக்கும் இடையே பேச்சில்லை. முடிச்சை அவிழ்த்தவர் ஷிஃபா. கணவரிடம் சொன்னார்: “எங்க வாப்பா சொல்லுதது பொய்யா இருந்தா நானே அவரைக் கேக்கேன். ஆனா நீங்க ஒருக்கா ஆத்துக்கு வந்து பாருங்க.”

தேய்த்த சட்டையும் பளபளக்கும் செருப்புமாக யாசர் ஆற்றங்கரைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். மாமனார் கரையை மட்டும் கை காட்டினார். தண்ணீர் விளிம்பை ஒட்டி, பொந்து, பொந்து, எங்கு பார்த்தாலும் பொந்து. நடந்து போகும் பாதைக்கு அடியில் மண்ணே இல்லை. யாசர் குந்தி உட்கார்ந்து ஒரு பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு அடுத்ததற்குள் விட்டார். மீன் விற்பவர் அல்லவா? யார் குடைந்தது என்று அவருக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் ஆதம் பாய் நின்ற கரை சரிந்தது.

சத்தமே இல்லை. நின்றவர் நின்றபடியே கீழே இறங்கினார், மண்ணோடு, தூண்டிலோடு. அங்கே ஆழம் இடுப்பளவு. இடுப்பளவு தண்ணீரில் ஆள் சாக முடியாது என்று நினைக்கிறவர்கள் ஆகாயத்தாமரையைப் பார்த்ததில்லை. மேலே பச்சைப் பாய் விரித்தாற்போல் இலை. கீழே ஆயிரம் கை விரித்தாற்போல் வேர். மலையில் மழை பெய்து தண்ணீர் ஓட்டம் கூடியிருந்தது. அந்தப் பச்சைப் பாய் அவரைப் பாலத்தின் தூணோடு சேர்த்து அமுக்கியது. தலை தெரிந்தது. பிறகு தொப்பி மட்டும் தெரிந்தது.

யாசர் குதித்தார். செருப்பைக் கழற்றவில்லை, போனை எடுத்து வைக்கவில்லை, குதித்தார். ஒரு கையால் மாமனாரின் சட்டைக் காலரைப் பிடித்தார். இன்னொரு கையால் பிடிமானம் தேடினார். சரிந்த கரையில் கைக்கு அகப்பட்டதை இறுகப் பற்றினார். அது வேரல்ல. மீன். முள் உள்ளங்கையில் ஏறிப் புறங்கையில் தெரிந்தது. அந்தக் கையை உதறிக்கொண்டு அதே கையால் மறுபடியும் கரையைத் தேடினார். காலரைப் பிடித்த கையை மட்டும் விடவேயில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறார், பின்னால் நிற்கும் ஒருவர். வேட்டியை அவிழ்த்து வீசினேன். தாய்மார்கள் கவலைப்பட வேண்டாம்; உள்ளே டவுசர் இருந்தது. யாசர் வேட்டி முனையைப் பிடித்தார். நான் இழுத்தேன். தபால் இலாகா இத்தனை கனமான எதையும் என்னிடம் ஒப்படைத்ததில்லை. இருவரும் கரை சேர்ந்தார்கள்.

ஆதம் பாய் தண்ணீரைக் கக்கினார். கண்ணைத் திறந்தார். மருமகனின் கையில் வழிகிற இரத்தத்தைப் பார்த்தார். “கையைக் காட்டுங்க மாப்பிள்ளை” என்று சொல்லி, தம் துண்டைக் கிழித்துக் கட்டினார்.

“மாமா, ஆத்துல விடச் சொன்னது நான்தான். கடையில வச்சு அதை ஒத்துக்கிட எனக்குத் தைரியம் இல்ல.”

“சரி. எந்திரிங்க. மாமி வீட்டுல சோறு ஆக்கியிருப்பா.”

அவ்வளவுதான் அன்பர்களே. ஒரு நெடும்பகை முடிந்தது இந்த இரண்டே பேச்சில். நானாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அதற்குப் பின் யாசர் கடையில் அந்த மீன் விற்பதில்லை. வேண்டாதவர்கள் எந்தக் கடையில் வாங்கிய மீனையும் கொண்டுவந்து தரலாம் என்று எழுதிப் போட்டார். ஊர் சிரித்தது. கடைக்காரன் சரக்கைத் திரும்ப வாங்குகிறான், மாமனார் மந்திரித்துவிட்டார் என்றது. ஆனால் கொண்டுவந்தார்கள். சுரண்டையிலிருந்து ஒருவர் குடத்தில் கொண்டுவந்தார். பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் போட்டார்களாம். கடைத் தொட்டிகள் நிறைந்தன. ஆகவேதான் நலச்சங்கம் இந்தப் பெருந்தொட்டியைக் கட்டியது.

இப்போது வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மாமனாரும் மருமகனும் வலையோடு ஆற்றில் இறங்குகிறார்கள். அகப்படும் கறுப்பு மீன்கள் தென்னைக்கு உரமாகின்றன. போன வாரம் நானும் இருந்தேன். ஆதம் பாய் வலையை உதறிக்கொண்டே கேட்டார், இதெல்லாம் தீர எத்தனை வருசம் ஆகும் என்று. யாசர் பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னார்:

“தீராது மாமா. கூடாமப் பாத்துக்கிடலாம். அவ்வளவுதான் முடியும்.”

ஆதம் பாய் வலையை எடுத்து மறுபடியும் வீசினார்.

தென்காசிப் பெருமக்களே! இந்த ஆற்றைக் கெடுத்தது யார்? கொடியவர்களா? கொள்ளையர்களா? இல்லை. இரக்கப்பட்டவர்கள். கொல்ல மனம் வராதவர்கள். கண்ணை மூடிக் கும்பிட்டவர்கள். நம் இரக்கம் பாலத்தின் மேல் நிற்கிறது; அதன் விளைவு பாலத்தின் கீழ் நீந்துகிறது. கீழே கெண்டை முட்டையிட்டிருக்கிறது. அதற்கு யார் இரங்குவது? கீழே கரை கரைகிறது. அதற்கு யார் இரங்குவது? கீழே ஒரு மனிதர் நிற்கிறார். அவருக்கு யார் இரங்குவது? புண்ணியம் வேண்டுமா? பையை அவிழ்க்குமுன் பாலத்துக்குக் கீழே எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு, பையைத் திரும்பக் கட்டிக்கொண்டு, இந்தத் தொட்டிக்கு வாருங்கள். தீராத வேலை என்று தெரிந்தும் வலையை வீசுகிற இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். நாம் மேலிருந்து போடாமல் இருந்தால் போதும். அவர்கள் கீழிருந்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

பொறுமையோடு மணி பார்த்த தலைவிக்கும், மணி பார்க்காத உங்களுக்கும், இடையிடையே கூவிய ஒலிபெருக்கிக்கும், தன் வீட்டுத் துயரத்தை ஊருக்குச் சொல்ல இசைந்த ஷிஃபாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ரிப்பனை வெட்டும்படி அவரையே அழைத்து, அமர்கிறேன். வணக்கம்.