பிஸ்தாவுக்கு ஊற்றாத தண்ணீர்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! வெண்தாடியில் வெயில் வாங்கி வீற்றிருக்கும் பெரியவர்களே! போர்சோக் மாவுத்துண்டு பொரித்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நம் தாவரவியல் தோட்டத்தை நிர்வகித்தே தலைநரைத்தவன் நான். மலைப்பனி தந்த தண்ணீரில் பிர்ச் மரம் வளர்த்தேன். பனி குறைந்தது, பிர்ச் பட்டது. பட்டதை வெட்டினேன்; தெற்குக் குன்றுகளின் பிஸ்தாவை நட்டேன். ஊர் என்னை வாழ்த்தியதா? வைதது! "வெள்ளை வெளேர்னு நின்ன மரத்த வெட்டிட்டு வெறுங்குச்சிய நட்டிருக்கான் பாரு!" (அங்கே சிரிப்பவரே, சொன்னது நீங்கள்தான். குரல் நினைவிருக்கிறது.)

குச்சி துளிர்த்தது. பிறகு மஞ்சளித்தது. மன்றமோ, "அடுத்த இலையுதிர்காலத்துக்குள் பிழைக்காவிட்டால் அங்கே கார் நிறுத்தம்" என்றது. பட்ட கன்றொன்றைப் பிடுங்கினேன். வேர் அழுகி நாறியது. வறண்ட மண்ணின் மரத்துக்கு இத்தனை வெள்ளம் வார்த்தவர் யார்? நீங்கள்! இளங்கன்றைக் கண்டால் தண்ணீர் ஊற்றுவது நமக்குப் புண்ணியம் அல்லவா? தொழுகைக்குப் போனவர் ஊற்றினார். மணக்கோலத்தில் வந்த ஜோடி ஊற்றியது. 'தண்ணீர் ஊற்றாதீர்' என்று பலகை வைத்தேன். "அடப்பாவமே, கன்னுக்குக்கூடத் தண்ணி குடுக்க மாட்டேங்குறாங்களே!" என்று இன்னும் அதிகமாக ஊற்றினீர்கள்.

ஒரு காலை, ஜூரா அக்கா கெண்டியோடு வந்தார். ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன மகன் ஐபெக்கைப் பெட்டிக்குள் உடலாகத் திரும்பப் பெற்றவர்.

"அக்கா, ஊத்தாதீங்க. செத்துப்போயிரும்."

"தண்ணி ஊத்தினா சாகுமா? படிச்சுப் படிச்சு மூளையே காஞ்சிருச்சா தம்பி?"

அழுகிய வேரை நீட்டினேன். முகர்ந்தார். முகம் மாறியது.

"என் புள்ள பேரைச் சொல்லித்தானே தினம் ஊத்தினேன்... அப்ப அவனுக்கு நான் எங்கதான் ஊத்துறது?"

வாய்க்கால் எட்டாமல் தோட்டத்து வாசலோரம் வாடிக்கிடந்த கிழட்டு ஆப்பிள் மரத்தைக் காட்டினேன்.

மறுநாள் முதல் வாசலில் அக்காவின் ராஜ்யம்! "ஏய் மாப்பிள்ளை, பாட்டிலத் தூக்கிட்டு எங்க போற? இங்க ஊத்து! ஐபெக் பேரைச் சொல்லிட்டு ஊத்து!" மறுத்தவர் உண்டா? மறுக்கத்தான் முடியுமா? பிஸ்தாவின் மண் காய்ந்தது; மிஞ்சிய கன்றெல்லாம் பிழைத்தது. ஆப்பிளின் மண் நனைந்தது. இந்த ஆண்டு மரம் காய்த்தது.

தலைவர் அவர்களே! இன்று இதே தோட்டத்தில் அமர்ந்து நீங்கள் தீர்ப்புச் சொல்லும் நாள். உங்கள் தட்டில், போர்சோக்குக்கு நடுவே ஓர் ஆப்பிள் இருக்கிறதே, அது அந்த மரத்தில் இந்த ஆண்டு பழுத்த முதல் பழம். அக்கா வைத்தது. ஐபெக்கின் பேரைச் சொல்லி ஒரு கடி கடியுங்கள். அதற்குப் பிறகும் கார் நிறுத்தம் என்று சொல்ல வாய் வந்தால், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வீட்டுக்கு அந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே அக்கா நிற்கிறார்.

பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. கெண்டி ஏந்திய அந்தத் தாய்க்கு என் தலைதாழ்ந்த வணக்கம்.